உண்மைப் பிரதி

“பொதுமக்கள் அனைவருக்கும் ஒரு முக்கிய அறிவித்தல்! இண்டையிலிருந்து காலம எட்டு மணி தொடக்கம் பத்து மணி வரைக்கும் மட்டும்தான் என்ட சீல் வேலை செய்யும்!”

பொதுமக்கள் மொத்தம் மூன்று பேர். கிரான் கிராமத்தில், வினாயகமூர்த்தியின் வீட்டு விறாந்தையில், ஆளுக்கொரு பொலித்தீன் பையோடு காத்திருந்தார்கள். அறிவித்தவரான வினாயகமூர்த்தி, பத்திரப் பிரதிகளுக்குச் சீல் வைத்து உறுதிப்படுத்தும் சமாதான நீதவான். வாசல் படலையை விடப் பெரிய பெயர்ப்பலகையில் அவருடைய பெயருக்கு முன்னால் மூன்று பட்டங்கள், பின்னால் இரண்டு. ஐந்தில் ஒன்றுக்கும் பரீட்சை கிடையாது.

“பத்து மணிக்குப் பிறகு சீல் எங்க ஐயா போகும்?” என்று கேட்டான் ஆட்டோக்காரச் சதீசன்.

“அது ஓய்வெடுக்கும். உனக்குக் கடைசி!”

முதலாவதாகச் சுலோஜனா போனாள். கிழமை நாட்களில் செங்கலடித் தையல் கடையில் வேலை. சனியும் ஞாயிறும் மட்டக்களப்பில் தொலைக்கல்விப் பல்கலைக்கழக வகுப்பு. பாடக் குறிப்புகளைத் தையல் மெஷினில் ஊசியால் குத்தி வைத்து, காற்சட்டைக்கு விளிம்பு அடித்துக்கொண்டே மனனம் பண்ணுகிறவள்.

“இன்னும் படிச்சு முடியல்லியா புள்ள? நீ தொடங்கின பிறகு என்ட பெயர்ப்பலகைக்கு ரெண்டு தரம் பெயின்ட் அடிச்சாச்சி.”

“இதுதான் ஐயா கடைசி வருசம். ஆய்வறிக்கை மட்டும்தான் பாக்கி.”

ஆறு வருடத்துக்கு முன், பல்கலைக்கழகப் பதிவுக்குப் பத்திரங்களோடு முதன்முதல் வந்த நாளில், ‘ஐயா’ என்று சொல்லாமல் ‘அண்ணன்’ என்று கூப்பிட்டுவிட்டாள். இரண்டு மணித்தியாலம் நிற்க வைத்து, நாளைக்கு வா என்று அனுப்பினார். அன்று பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதவள், இன்று கேட்காமலே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வினாயகமூர்த்தி அவளைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். கதிரை எழும்பவில்லை.

“சரி, நீட்டு.”

நான்கு தாள்கள். நாலாவதில் மஞ்சள் கறை வேறு. டக், டக், டக், டக். நான்கிலும் ‘உண்மைப் பிரதி’ என்று சீல் விழுந்தது. அதன் மேல், வாலும் கொம்பும் வைத்த கையொப்பம்.

“இது வேற ஐயா.” ஐந்தாவது தாளைத் தனியாக வைத்தாள். “சம்மதக் கடிதம். இதில உங்கட கையெழுத்தோட வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்காட்டி என்ட ஆய்வை எடுக்கமாட்டாங்க. ஆறு வருசப் பாடும் வீணாப் போயிரும். ஆனா நீங்க வாசிச்சிப் பாத்து, விருப்பமெண்டாத்தான் வைக்கணும்.”

“வாசிக்கிறதோ!” அவர் விறாந்தை முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். “நான் வாசிச்சி வாசிச்சிக் கையெழுத்து வெச்சிருந்தா, இந்த ஊரில ஒரு புள்ளையும் பள்ளிக்குடத்தில சேர்ந்திருக்காது, மனே!”

“மேலால ஒருக்கா எண்டாலும் பாருங்க ஐயா.”

“எனக்கே சட்டம் படிப்பிக்கிறியா?”

உள்ளேயிருந்து மனைவி புஸ்பத்தின் குரல் வந்தது. “அந்தப் புள்ள இவ்வளவு சொல்லுது. கண்ணாடியப் போட்டு வாசிச்சாத்தான் என்ன?”

“நீ தேத்தண்ணியப் பாருகா!”

“மூண்டாந் தரமும் சொல்றன் ஐயா. வாசிக்காம வைக்க வேணாம்.” சுலோஜனாவின் குரல் உறுதியாக இருந்தது.

டக்.

“போ புள்ள, முன்னேறு. ஆனா ஒண்டு. பட்டம் கிடைச்சிப் பாராட்டு விழா வெச்சா, பிரதம விருந்தினர் ஆரெண்டு நான் சொல்லத் தேவையில்லதானே? என்ட கையெழுத்து இல்லாம உனக்குப் பட்டமே இல்ல.”

“அது மெய்தான் ஐயா,” என்றாள் சுலோஜனா.

பட்டமளிப்பு விழா முடிந்து வந்த முதல் ஞாயிறு, பலநோக்கு மண்டபத்தில் நிற்க இடமில்லை. சுலோஜனாவுக்கு முதல் வகுப்பு. போதாததற்கு, அந்த வருடத்தின் சிறந்த ஆய்வறிக்கைக்கான பரிசும் அவளுக்குத்தான். தையல் கடை முதலாளி கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். சதீசன் கொளுத்திய பட்டாசில் வாசல் பந்தலின் ஒரு மூலை கருகியது. ஒருவரும் கோபிக்கவில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த விரிவுரையாளர் றிஸானா மேடையிலேயே அவளைக் கட்டியணைத்துக்கொண்டார். மண்டபம் அதிரக் கைதட்டியது.

கைதட்டல் ஓயுமுன் பிரதம விருந்தினர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

“இந்தப் புள்ளைக்கு ஆறு வருசமாக் கைகொடுத்தது ஆரு? நான்! இந்த ஆய்வில என்ட பங்கு எவ்வளவெண்டு ஆருக்காவது தெரியுமா?”

“எனக்குத் தெரியும் சேர்,” என்றார் றிஸானா. “முழுக்க உங்கட பங்குதான்.”

இன்னொரு கைதட்டல். வினாயகமூர்த்தி கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு, மேசையிலிருந்த நீல மட்டை போட்ட ஆய்வறிக்கையைத் தூக்கினார்.

“ஐயா, முதல்ல ஒருக்கா மனசுக்குள்ள வாசிச்சிப் பாருங்க,” என்று சுலோஜனா மெல்லச் சொன்னாள்.

“மனசுக்குள்ளயா? சபைக்கெல்லாம் கேக்கணும்!”

முன்வரிசையிலிருந்து புஸ்பம் எழுந்து வந்து மூக்குக்கண்ணாடியை நீட்டினாள். அவர் அதை மாட்டினார். தொண்டையைச் செருமினார். குரல் முந்திக்கொண்டது, புத்தி பின்னால் வந்துகொண்டிருந்தது.

“‘வாசிக்காமல் வைக்கப்படும் கையொப்பங்கள்! கிராமத்துச் சமாதான நீதவான் ஒருவர் பற்றிய கள ஆய்வு!’” தாளைப் புரட்டியும் குரல் நிற்கவில்லை. “‘இணைப்பு ஒன்று: உண்மைப் பிரதியென அவர் சீல் வைத்து உறுதிப்படுத்திய, மீன் சொதி வைக்கும் முறை!’”

இத்தனை வருடத்தில், சுலோஜனா நீட்டிய தாள்களில் அவர் வாசித்தது அவ்வளவுதான்.