குட்டப்பன் நின்ற இடம்

"சங்குமுகம் வேண்டாம் அண்ணா. பின்னாடி கடல் இருந்தா எல்லார் கண்ணும் கடல் மேலதானே போகும்? என் குட்டப்பனை யார் பாக்கறது?"

விஷ்ணுப்ரியா இப்படிச் சொன்னதும், தோளில் மாட்டிய கேமராப் பையை லிங்கராஜ் மறுபடி கீழே இறக்கிவைத்தார். குட்டப்பன் என்பது அவளுடைய குதிரை. வேளி பக்கத்து லாயத்தில் நின்றபடி, பேச்சு தன்னைப் பற்றியே இல்லை என்பதுபோல் அது புல்லை மென்றுகொண்டிருந்தது.

பழவங்காடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் லிங்கராஜுக்கு ஒரு பேர் உண்டு. பாஸ்போர்ட் போட்டோவில்கூட மனிதரை மனிதராகக் காட்டுகிறவர். மோசமான படம் என்று ஒன்றை அவர் யாருக்கும் கொடுத்ததே இல்லை. ஆனால் காலமெல்லாம் பாஸ்போர்ட்டும் கல்யாணமுமாகவே போய்விட்டது. குதிரையும் அதில் ஏறும் பெண்ணும் சேர்ந்த படம் என்றதுமே மனிதர் தூக்கத்தைத் தொலைத்தார். அதைப் பெரிதாக்கி ஸ்டூடியோ வாசலில் மாட்ட வேண்டும், எதிர் ஸ்டூடியோ ஜெயன் பார்த்து வயிறெரிய வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

பெண்ணின் அப்பா ஸ்ரீவராகம் சுந்தரராமன். ப்ளஸ் டூவில் முதல் மார்க் வாங்கினால் குதிரை வாங்கித் தருகிறேன் என்று விளையாட்டாகச் சொல்லி மாட்டிக்கொண்டவர். மகள் இப்போது டிகிரியே முடித்துவிட்டாள். அவர் போனில் சொன்னது கொஞ்சம்தான்.

"எடத்த அவளே சொல்லட்டும். குதிரையப் பத்தி அவளுக்குத்தான் தெரியும். படம் மட்டும் ஜோரா இருக்கணும், கேட்டேளா?"

லிங்கராஜ் விடவில்லை.

"அப்போ விதுரா போவோம் மோளே. பொன்முடி மலை பின்னாடி தெரியும். காலைல பனியோட எடுத்தா எப்படி இருக்கும் தெரியுமா?"

"அவ்வளவு தூரம் வண்டில ஏத்திண்டு போனா குட்டப்பனுக்கு வயத்துக்கு ஆகாது."

"கனகக்குன்னு மைதானம்?"

"அங்க ஒரே கூட்டம். மிரண்டுடுவான்."

"மிரளுற மூஞ்சியா அது?"

குட்டப்பன் நிதானமாக ஒரு கொட்டாவி விட்டது.

"இங்கயே எடுக்கலாம் அண்ணா. பழகின எடம்னாத்தான் குதிரை நிம்மதியா நிக்கும், அல்லே?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவள் கூட்டிக்கொண்டு போன இடம் லாயத்தின் பின்புறம். ஒரு பக்கம் நீலத் தண்ணீர் டேங்க், மறுபக்கம் கொடியில் யாருடையவோ லுங்கிகள். நடுவில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் பிளெக்ஸ் போர்டு, அதில் ஆளுயரத்துக்குப் பற்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

"வெயிலாவது சாயட்டும் மோளே. நாலு மணிக்கு மேல எடுப்போம்."

"இப்பவே எடுத்தாப் போதும் அண்ணா. அப்புறம் அவனுக்குத் தீனி நேரம்."

மொட்டை வெயில். குட்டப்பனோ சற்றுமுன்தான் சேற்றில் புரண்டு எழுந்திருந்தது. தேய்த்துவிடலாமே என்றார் லிங்கராஜ். தேய்த்தால் கூச்சப்படுவான் என்றாள். மேட்டில் நிறுத்தச் சொன்னார். அவள் ஒரு பள்ளத்தில் கொண்டுபோய் நிறுத்தி ஏறி உட்கார்ந்தாள். கால்கள் பாதி புல்லில் மறைந்துபோக, கம்பீரமான குதிரை கழுதைக்குத் தம்பியாகிவிட்டது. தலைக்கு மேலே அந்தப் பற்கள் வேறு.

"சூப்பர் அண்ணா. இதே எடம்தான்."

என் பேரை நானே கெடுத்துக்கொள்கிறேனே என்று புலம்பிக்கொண்டுதான் லிங்கராஜ் பத்துப் பதினைந்து படம் எடுத்தார்.

எல்லாம் முடிந்து அவள் குதிரையை லாயத்துக்கு நடத்திக்கொண்டு போனாள். வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலுக்கு வந்ததும் குட்டப்பன் நின்று, அவள் தோளில் தலையைச் சாய்த்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். இலைகளுக்கு நடுவே இறங்கிய வெயிலில் காய்ந்த சேறுகூடப் பொன்னாகத் தெரிந்தது. லிங்கராஜின் விரல் தானாகவே அமுக்கியது. கேமராத் திரையில் அதை மறுபடி மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து இப்படி ஒரு படம் அவருக்கு அமைந்ததில்லை.

மறுநாள் மாலை சுந்தரராமன் மகளோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். லிங்கராஜ் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தார். முதலில் பெண் ஆசைப்பட்ட படங்களைக் காட்டுவது. அப்பா முகம் சுளித்ததும் மரத்தடிப் படத்தைத் திறந்து அசத்துவது.

முகம் எதிர்பார்த்தபடியே சுளித்தது.

"என்ன இது? குதிரையா, கோவேறு கழுதையா?"

லிங்கராஜ் புன்னகையோடு மவுஸை நகர்த்தினார். இன்னும் ஒரு கிளிக்தான் பாக்கி.

சுந்தரராமன் நெற்றியைத் தடவிக்கொண்டார். "கோயம்புத்தூர்க்காரர் இன்னிக்குள்ள படம் அனுப்பச் சொல்லியிருக்கார். பிடிச்சா வாங்கிப்பார், இல்லேன்னா வேற குதிரையப் பாத்துப்பாராம். இத வித்தாத்தான் இவ பேங்க் பரீட்சைக்குப் படிப்பான்னு நான் நெனச்சிண்டிருக்கேன். இந்தப் படத்தப் பாத்தா எவன் வாங்குவான்?"

லிங்கராஜின் விரல் நின்றது. நிமிர்ந்து பார்த்தார். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் விஷ்ணுப்ரியா உதட்டைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றாள்.

"வேற நல்ல படம் ஒண்ணுகூடவா இல்ல?"

மோசமான படம் என்று ஒன்றை யாருக்கும் கொடுத்தே அறியாத லிங்கராஜ் திரையை அணைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இல்ல சார். எனக்கு வர்றது இவ்வளவுதான்."