இருபத்து மூன்று புள்ளிகள்

"இந்த வரைபடம் யாரோடது?"

மேடத்தின் குரலில் இருந்த கடுப்பைக் கேட்டதும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பத்து தபால்காரர்களும் தலையைத் தூக்கினார்கள்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். அந்தத் தபால் நிலையத்தில் அவருக்கு வைத்த பெயர் 'ஆமை'. மற்றவர்கள் பன்னிரண்டு மணிக்கே பையைக் காலி பண்ணிவிட்டு வந்தால், அவர் மூன்று மணிக்கு ஆடி அசைந்து வந்து சேருவார்.

"என்னோடதுதாங்க மேடம்."

தபால்காரர்களுக்கு வரைபட மென்பொருள் கற்றுக்கொடுக்கத் தலைமை அலுவலகம் இந்த மேடத்தை அனுப்பியிருந்தது. மூன்று நாள் வகுப்பு.

முதல் நாள் அரிச்சுவடி. வீடென்றால் புள்ளி, தெருவென்றால் கோடு, குளமென்றால் பரப்பு. ஆமை மவுஸை எக்குத்தப்பாக இழுத்துவிட்டு, "மேடம், ஊரையே காணோம்!" என்று அலற, வகுப்பே சிரித்தது.

இரண்டாம் நாள் அட்டவணை. ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் ஒரு வரிசை உண்டு, வேண்டிய விவரத்தை அதில் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுத்தாள்.

மூன்றாம் நாளான இன்று, அவரவர் பகுதியில் எதையாவது குறித்துக் காட்டச் சொல்லியிருந்தாள். ஒருவர் தபால் பெட்டிகளைக் குறித்திருந்தார். இன்னொருவர் கடிக்கிற நாய்களை மட்டும் குறித்துவிட்டு, சாட்சிக்குக் காலில் இருந்த தழும்பையும் காட்டினார்.

ஆமையின் வரைபடத்தில் இருபத்து மூன்று சிவப்புப் புள்ளிகள். தலைப்பு, 'தனி'.

யாரோடது என்று கேட்பதற்கு முன்பே அவள் ஒரு புள்ளியைச் சொடுக்கிப் பார்த்திருந்தாள்.

'அந்த அம்மா மட்டும்தான். பதினொரு மணிக்கு மேல வீட்டுல இருப்பாங்க.'

இன்னொன்று. 'தாழ்ப்பாள் சரியில்லை. தள்ளினா திறந்துக்கும்.'

இன்னொன்று. 'பக்கத்து வீடு காலி. கூப்பிட்டாக்கூட யாருக்கும் கேக்காது.'

சாப்பாட்டு இடைவேளைக்கு மற்றவர்கள் எழுந்து போகும்வரை பொறுத்திருந்தாள்.

"இங்க வாங்க. தனியா இருக்கிற பொம்பளைங்க, பூட்டாத கதவு, கூப்பிட்டா கேக்காத வீடு. இதைப் பாக்கிறவங்க உங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

முதலில் அவருக்குப் புரியவே இல்லை. புரிந்தபோது முகம் சுருங்கிப்போனது.

"ஐயய்யோ, அப்படியெல்லாம் இல்லைங்க மேடம்! திங்கக்கிழமையிலேர்ந்து எனக்கு வேற பகுதி. புதுசா வர்றவருக்கு இவங்களையெல்லாம் தெரியாது. கடிதாசி இல்லாட்டியும் போற போக்குல ஒரு தட்டுத் தட்டி, ஆள் நல்லா இருக்காங்களான்னு பாத்துட்டுப் போகணும். வாயால சொன்னா மறந்துடுவார். புள்ளிக்குப் பின்னால எழுதிக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இதனாலதான் தினமும் லேட்டா? உங்க மேல புகார் வந்திருக்காமே."

"ரெண்டு தடவை வந்துச்சுங்க."

"அப்புறமும் எதுக்கு இந்த வேலை?"



"போன வருஷம் ஒரு நாள் அவசரத்துல ஒரு வீட்டுல தட்டாம வந்துட்டேன் மேடம். கடிதாசியைக் கதவுக்கு அடியில தள்ளிட்டேன். மூணு நாள் கழிச்சுப் போனா, அது தள்ளின இடத்துலயே கெடந்துச்சு. உள்ள அந்தப் பெரியவர்..."

 

"உங்க மனசு நல்ல மனசுதான்," என்றாள் தணிந்த குரலில். "ஆனா இது நாளைக்கு எந்தத் திருடன் கையில சிக்கும்னு சொல்ல முடியாது. அவங்களுக்குப் பெத்த பிள்ளைங்க இல்லையா? அவங்க பாத்துக்குவாங்க. ஊர்க் கவலையெல்லாம் நீங்க எதுக்குத் தலையில தூக்கி வெச்சுக்கறீங்க? இதை அழிச்சிடலாம்."

"சரிங்க மேடம்."

அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவள் அட்டவணையைத் திறந்து எல்லா வரிசைகளையும் மொத்தமாகத் தேர்வு செய்தாள். 'இருபத்து மூன்றையும் அழிக்கவா?' என்று திரை கேட்டது.

விரல் மவுஸின் மேல் இருந்தது. கண் மட்டும் சும்மா கடைசி வரிசைக்குப் போனது.

வீட்டு எண் ஒன்பது. பச்சைக் கேட்டு. பூங்காவுக்குப் பின்பக்கம்.

அவள் பிறந்து வளர்ந்த வீடு. இந்த அறையிலிருந்து எண்ணி இரண்டே தெரு. வகுப்பு முடியட்டும், வேலை முடியட்டும் என்று இந்த மூன்று நாளும் அவள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவிடம் போனில் பேசியே இரண்டு வாரம் இருக்கும். பேசினாலும், "எனக்கென்னம்மா, ராஜா மாதிரி இருக்கேன்" என்பார்.

அந்த வரிசையில் ஆமை எழுதியிருந்தார்:

'மூணு தடவை தட்டணும். திறக்கும்போதே "என் பொண்ணா?"ன்னு கேப்பார். "இல்லைங்கய்யா, தபால்"னு கொஞ்சம் பக்குவமாச் சொல்லணும்.'