ஆச்சி சொல்லாத வசனம்

"பொண்ணை வரச் சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளையின் தாயார் தேன்மொழி ஆச்சி.

அர்ச்சனா பட்டுப்புடவையில் தலை குனிந்து வந்தாள். கையில் தட்டு, தட்டு நிறையப் பணியாரம். மாப்பிள்ளை சோமு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பெண்ணின் அப்பா முத்துவீரப்பன் ஆச்சியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்றோம்ணே."

"கட்! கட்!" குனிந்திருந்த தலை சடாரென்று நிமிர்ந்தது. "அலாமாக், ஆச்சி! 'எங்களுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு'ன்னு சொல்லணும் லா! அதுதானே கடைசி வசனம்!"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்தியது மணப்பெண்ணேதான். படத்துக்கு டைரக்டரும் அவள்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்குள் குறும்படம் போட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் நேரம் தாண்டி அனுப்பி, படத்தை யாரும் பார்க்கக்கூட இல்லை. இந்தத் தடவையும் கோட்டை விட்டால் இனிமேல் கேமராவைத் தொடுவதில்லை என்று அர்ச்சனா சபதமே போட்டிருந்தாள்.

சபதம் போடுவதில் அவள் கெட்டிக்காரி. பெண் பார்க்கிறேன் என்று எவனாவது இந்த வீட்டுக்கு வந்தால், தண்ணீர்மலை முருகன் கோயிலில் ஏறி உட்கார்ந்துகொள்வேன், இறங்கவே மாட்டேன் என்பது பழைய சபதம். அந்த எரிச்சலில்தான் பெண் பார்க்கிற கூத்தையே கிண்டலடித்து இந்தக் கதையை எழுதினாள்.

எழுதி என்ன செய்ய? மாப்பிள்ளையாக நடிக்க வேண்டிய தனேஷ், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஓவர்டைம் என்று காலையிலேயே கையை விரித்துவிட்டான். அவனுக்கு அம்மாவாக நடிக்க இருந்த அவன் அக்காவும் வரவில்லை. அர்ச்சனாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பச்சி என்று அவள் கூப்பிடும் அப்பாதான் கை கொடுத்தார். "நிபோங் திபால்ல நமக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. அம்மாவும் மகனும். ஒரு போன் போட்டா வந்துடுவாங்க."

"நடிக்கத் தெரியுமா அப்பச்சி?"

"வந்து உக்காரத் தெரியும்ல? அது போதும்."

வந்தவர்கள் பூவும் பழமும் தாங்களே தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தார்கள். செலவு மிச்சம் என்று கேமராமேன் சாதிக்குக்கு ஒரே சந்தோஷம். அடுப்படியில் அர்ச்சனாவின் அம்மா பொன்னம்மை ஒரு குண்டான் மாவோடு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"சினிமாவுக்கு எதுக்கு ஆத்தா இவ்வளவு பணியாரம்? சும்மா நாலு வச்சா போதாதா?"

"சும்மா நாலு சுட எனக்கு வராது. போய் உன் வேலையைப் பாரு."

சாதிக் விளக்கை நகர்த்திக்கொண்டிருந்த நேரத்தில் சோமு மெல்ல வாயைத் திறந்தான். "எங்க வீட்லயும் இதே டார்ச்சர்தாங்க. பொண்ணு பார்க்கக் கூப்பிட்டா வரவே மாட்டேன்னு சொல்லிட்டேன். நடிக்கணும்னாங்க, அதான் வந்தேன்."

"சேம் சேம்!" என்று அர்ச்சனா சிரித்தாள். இவ்வளவு தெளிவான பிள்ளையை அப்பச்சி எங்கே பிடித்தார் என்று அவளுக்கு ஆச்சரியம்.

அடுத்த டேக். ஆச்சி பாட்டுக்கு ஸ்கிரிப்டில் இல்லாததை எல்லாம் கேட்டார். "வேலைக்குப் போயிட்டு லேட்டா வந்தா வீட்ல யாரும்மா சமைக்கிறது?"

அர்ச்சனாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பசிக்கிறவங்க."

ஆச்சி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் அதையே சொன்னார்: "வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்றோம்ணே."

"ஐயோ ஆச்சி! ஒரே ஒரு வரி. சொல்லிடுங்களேன், ப்ளீஸ்!"

"அது விளையாட்டுக்குச் சொல்ற வார்த்தையாம்மா? என் வாயில வராது."

கெஞ்சினாள், கொஞ்சினாள், காலில் விழாத குறை. ஆச்சி மசியவில்லை. பணியாரம் ஆறிப்போனது, நேரமும் ஓடிக்கொண்டிருந்தது.

"விடு லா, அர்ச்சனா" என்றான் சாதிக். "ஆச்சி சொன்னதையே முடிவா வச்சுடுவோம். கல்யாணம் நடந்துச்சா இல்லையான்னு பார்க்கிறவங்க மண்டையைப் பிச்சுக்கட்டும்."

வேறு வழியில்லை. சாப்பாட்டு மேசையிலேயே வெட்டி ஒட்டினார்கள். வைஃபை வேறு நேரம் பார்த்துச் சண்டித்தனம் செய்தது. பொன்னம்மை முருகனைக் கூப்பிட்டார். அப்பச்சி எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனை நிறுத்தினார். எல்லோரும் வியர்வையில் நனைந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஆறு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது படம் போய்ச் சேர்ந்தது.

"போயிருச்சூ!" அர்ச்சனா துள்ளினாள். சோமுவுக்கும் கை கொடுத்தாள். "அடுத்த படத்துக்கும் நீங்கதான் ஹீரோ!" அவனுக்குக் காது சிவந்துவிட்டது.

சாதிக் கேமராவைப் பையில் போட்டு மூடினான். அம்மாவும் மகனும் விடைபெற்றுக் கார் நின்ற இடத்துக்குப் போனார்கள். அங்கே ஆச்சி மகனிடம் ஏதோ கேட்க, அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். வண்டியில் ஏறப்போன ஆச்சி விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

"என்ன ஆச்சி, எதையாச்சும் மறந்துட்டீங்களா?" என்றாள் அர்ச்சனா.

"ஆமாம்மா." ஆச்சி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, முத்துவீரப்பன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, எங்களுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு."