ஆறாவது புகார்

“ஐயா, எம் புருசன் ஊட்டுக்கு வந்து இன்னியோட ஒம்பது நாள் ஆவுது. கண்டுபிடிச்சுக் குடுங்க.”

ஏட்டு தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் சுவர் சுற்றியது. பதினான்கு பேர் இருக்க வேண்டிய ஸ்டேஷனில் ஐந்தே பேர். மூவர் பிளேக் கொட்டகைக் காவலுக்கும், ஒருவர் தங்கப் பெட்டியோடு ரயிலுக்கும் போய்விட்டார்கள். பகலும் இரவும் அவரே எழுத்தர், அவரே காவல்.

வெளியே தங்கச் சுரங்கத்தின் பாறை இடிக்கும் மில் ஓயாமல் அதிர்ந்தது. இந்த வாரத்தில் இது ஆறாவது புகார். வரும் பெண்களின் குரலெல்லாம் அவருக்கு ஒன்றாகவே கேட்டது.

“சுரங்கத்துல எறங்குனாரா?”

“இல்லீங்க. ஆனா ஷிப்டுக்குத்தான் போனாரு. அந்த ஷிப்டு இன்னும் முடியல.”

“குடிப்பாரா?”

“அதுக்கு எங்க நேரம்?”

“வேற பொம்பள கிம்பள…?”

“அப்படி ஒருத்தி இருந்தா அவளாச்சும் சோறு போட்டிருப்பா. கடைசியா பாத்தப்போ கன்னமே ஒட்டிப்போயிருந்துச்சு.”

அவர் பேனாவை மையில் தோய்த்தார். இரண்டு முறை அது புட்டிக்கு வெளியே குத்தியது.

“தேடறதுக்கு ஆள் இல்லம்மா. பத்து நாள் பொறுத்துக்க.”

“நாளைக்குப் பொண்ணுக்கு நிச்சயம் ஐயா. பேத்தமங்களாவிலேர்ந்து மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வராங்க. அப்பன் இல்லாம தட்டு மாத்த மாட்டாங்க.”

பேத்தமங்களா, நிச்சயம். எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. யோசிப்பதற்குள் கண் செருகியது.

“பொண்ணுக்கு நிச்சயத்த வெச்சிக்கினு ஊட்டுக்கு வராத இருக்கானே, அவனெல்லாம் இன்னா அப்பன்!”

“நல்ல மனுசன்தாங்க,” என்றாள்.

“சரி, பேரு?”

“புருசன் பேர எப்படிங்க வாயால சொல்றது?”

“பேரு இல்லாம யாரன்னு தேடறது? சொன்னா எழுதறேன். இல்லன்னா கெளம்பு.”

அவள் மேஜையருகே வந்தாள். முகத்தை மறைத்திருந்த முந்தானையை விலக்கினாள். பதினேழு வருடங்களில் முதல்முறையாக அந்தப் பெயரை உரக்கச் சொன்னாள்.

“எழுதிக்குங்க. காத்தவராயன். வேலை, ஏட்டு. கடைசியா பாத்த எடம், இந்த நாக்காலி.”