முதல் பாட்டு

"நாற்பது நாள் துக்கம்கூட முடியல. அதுக்குள்ள மேல் வீட்ல கல்யாணமாம், கல்யாணம்!"

இரண்டு நாளாக அஃப்கார் இதைச் சுவரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டிய கணவர் லுத்ஃபி போன மாதம் கண்ணை மூடிவிட்டார்.

கெய்ரோவில் ஷுப்ரா பக்கம் அந்தக் கட்டடம். சாவு விழுந்தால் நாற்பது நாளைக்கு யாரும் ரேடியோவைக்கூடச் சத்தமாக வைக்க மாட்டார்கள். ஆனால் இன்று மேல் வீட்டு நிஹாலுக்கு மருதாணி. காலையிலிருந்து பெண்கள் படியேறிக்கொண்டே இருந்தார்கள்.

"ஆடட்டும், நல்லா ஆடட்டும்!"

அஃப்கார் வீம்புக்குப் போனில் குர்ஆன் ஓதலைப் போட்டு, லுத்ஃபி வாங்கிய சிவப்பு ப்ளூடூத் ஸ்பீக்கரில் இணைத்தாள். இணைக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

மதியம் போனில் சார்ஜ் தீர்ந்தது. ஓதல் நின்றது. யாராவது இணைக்க மாட்டார்களா என்று ஸ்பீக்கர் நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அவள் சார்ஜரைத் தேடுவதற்குள் யாரோ இணைத்தேவிட்டார்கள்.

மேளச் சத்தத்தோடு ஒரு கல்யாணப் பாட்டு! அதுவும் துக்க வீட்டில், லுத்ஃபியின் படத்துக்கு முன்னால்.

பதறிப்போய் ஒரு பட்டனை அமுக்கினாள். சத்தம் கூடியது. இன்னொன்றை அமுக்கினாள். அப்போதும் கூடியது.

அப்படியே போட்டுவிட்டுப் படியேறினாள். பாதிப் படியிலேயே வாய் ஆரம்பித்துவிட்டது.

"என் வீட்டுக்குள்ளயே பாட்டை விடுறீங்களா? நெஞ்சுல ஈரமே இல்லையா? ஏய் நிஹால், உன் சந்தோஷம் பாதியிலயே நின்னு போகும்டி! பாத்துக்கோ!"

கதவு திறந்தது.

உள்ளே பாட்டு இல்லை. ஜன்னல்களை எல்லாம் சாத்தி, இடுக்கில் போர்வையைச் செருகியிருந்தார்கள். சத்தம் வராமல் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்த பெண்கள், தூக்கிய கையோடு அப்படியே நின்றுபோயிருந்தார்கள். குலவை விடுவதில் பேர்போன தந்தா ஊர் அத்தை முக்காட்டுத் துணியை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் நிஹால். மருதாணிக் கைகளை விரித்தபடி நின்றிருந்தாள். சாபம் அவள் காதில் விழுந்துவிட்டது.

"பாட்டா? எங்கேக்கா?" என்றாள் நிஹாலின் அம்மா வஃபா. "இங்க ஒண்ணுமே கேக்கலியே! மாப்பிள்ளை நாளன்னிக்கு வெளிநாடு போறான், தள்ளிப்போட முடியல. உங்க மனசு நோகக் கூடாதுன்னு ஜன்னலை அடைச்சோம், குலவை விடுற இவ வாயையும் அடைச்சோம். ஒரே ஒரு பாட்டு, மெதுவா வச்சுக்கலாம்னு பாத்தா அதுவும் வரல. ஸ்பீக்கர் இணைஞ்சாச்சுன்னு டேப்லெட் காட்டுது. சத்தத்தை முழுசா ஏத்திக்கூடப் பாத்துட்டேன்."

திறந்த கதவு வழியாக, கீழ் வீட்டுப் பாட்டு இப்போது எல்லோருக்கும் கேட்டது.

நிஹால் டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள். "ஐயோ அம்மா! இதுல ஒரே பேர் ரெண்டு இருக்கு. கண்ணாடி போடாம நீ கீழ் வீட்டு அத்தையோடதைத் தொட்டிருக்கே!"

மேஜையில் இருந்த ஸ்பீக்கரை அஃப்கார் அப்போதுதான் கவனித்தாள். அதே சிவப்பு. அதே வார். சொன்ன வார்த்தையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எங்க வீட்ல இருக்கற மாதிரியே... எதுக்குடி வாங்கினீங்க?" குரல் இறங்கிவிட்டது.

"நாங்க எங்கே வாங்கினோம், அத்தை?" நிஹால் அழுதுவிட்டாள். "லுத்ஃபி மாமாதான் ஒரே கடையில ரெண்டு வாங்கிட்டு வந்தாரு. 'மருதாணிக்கு முதல் பாட்டு இதுலதான் போடணும். உங்க அத்தைகிட்ட மூச்சு விடாதே, அன்னிக்கு நானே அவ கையைப் பிடிச்சு மேலே கூட்டிட்டு வரேன், உன்னை வாய் நிறைய வாழ்த்தச் சொல்றேன்'னாரு..."