குழிக்குள் ஒரு பொட்டு

ஆயுத பூசைக் காலை. புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மோர்னிங்சைட் வீட்டு பேஸ்மென்றின் சின்ன யன்னல் வெளிச்சம் ஈயப் புகையில் கலங்கி நீலமாய் நிற்கிறது. தவநேசன் மின்னடுப்பில் உருகிய ஈயத்தைக் கரண்டியால் அள்ளி அச்சில் வார்க்கிறான். இறுகியதும் நடு ஊசியை உருவி, அச்சைத் திறந்து தட்டுகிறான். நுனியில் குழி விழுந்த சன்னம் ஈரத் துவாயில் விழுந்து 'சுர்' என்கிறது. துப்பாக்கிக் கிளப்பில் ரிவோல்வரால் கடதாசி வட்டங்களைச் சுடுவதற்கு இவை. ஆறியவை மேசையில் வாய் பிளந்தபடி நிரையாக நிற்கின்றன. மேலே கசற்றில் தேவாரம் ஓடுகிறது. தையல் மெஷினுக்கும் காருக்கும் பொட்டு வைத்து முடித்த யோகமலர் குங்குமச் சிமிழோடு படியிறங்கி வருகிறாள்.

"இஞ்சேரும், உதுகளுக்கும் ஒரு பொட்டு வைச்சு விடும். உதுகளும் ஆயுதம்தானே," என்று மனைவியைப் பார்த்துச் சிரிக்கிறான்.

அவள் சிரிக்கவில்லை. விரலைக் குங்குமத்தில் தோய்த்துத் தோய்த்து அமர்த்துகிறாள். குழிகள் ஒவ்வொன்றாய்ச் சிவக்கின்றன. தேவாரம் முடிந்து கசற் வெறுமனே இரைகிறது.

"எல்லாம் முடிஞ்சுதோ?"

"இல்லை. ஒண்டு மிச்சம்."

இடது சட்டைக் கையை மேலே சுருட்டுகிறாள். புயத்தில் ஒரு பழைய காயக் குழி. ஊரில் சண்டைக் காலத்தில் ஆமி ஹெலியிலிருந்து சுட்டது. எடுத்தால் கை வழங்காது என்று டொக்டர்மார் உள்ளேயே விட்ட சன்னம். அது புகுந்த குழி, கலியாணமான நாளிலிருந்து அவன் விரல் படாத இடம். அதில் குங்குமத்தை வைத்து, மற்றவற்றுக்குச் செய்தது போலவே அமர்த்துகிறாள். அவன் தூக்கிய கரண்டியில் ஈயம் மெல்ல மெல்ல மங்கி இறுகுகிறது.