மெதுவாக இறுகும் பசை

"சீக்கிரம் இறுகறதையே போடுங்க. நாலு மணி வண்டியப் பிடிக்கணும்," என்றாள் அக்கா, நாற்காலியில் உட்காரும் முன்பே.

செயற்கைக் காது செய்துதரும் அச்சுக்காரர், அச்செடுக்கும் பொருள் இரண்டையும் மேசைமேல் எடுத்து வைத்தார். ஒன்று பொட்டலத்தில் வெளிர்பச்சைப் பொடி. மற்றது இரண்டு டப்பாக்களில் சிலிக்கோன் பசை.

பொடியைத் தண்ணீரில் கலந்தால் நாலே நிமிடம். ஆனால் வழிந்தோடும். ஒருக்களித்துப் படுத்து, மற்றக் காதைத் தலையணையில் புதைத்துக்கொள்ள வேண்டும்.

பசை கெட்டி. உட்கார்ந்தபடியே பூசலாம். இறுக இருபது நிமிடம். அதுவரை தாடை அசையக் கூடாது. அசைந்தால் காதோரம் இழுபட்டு அச்சு கெட்டுவிடும்.

"இவன் அவசரக்காரன். அவன் அழுத்தக்காரன். யார் வேணும்?" என்றார், பொடியையும் பசையையும் காட்டி.

"அவசரக்காரன்," என்றாள் அக்கா.

"பசை," என்றேன் நான்.

அச்சுக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "கொடுக்கறவங்க ஒண்ணு சொல்றீங்க, வாங்கறவங்க ஒண்ணு சொல்றீங்க. மாட்டிக்கப் போறது சின்னவங்கதானே?" டப்பாவைத் திறந்தார்.

"இவ ஒரு துணி எடுக்கறதுக்குள்ள கடைக்காரருக்குக் கை ஓஞ்சிடும்," என்றாள் அக்கா, அவரிடம்.

எனக்கு இடது காது இல்லை. ஒன்பது வருடமாக முடியை அந்தப் பக்கம் இழுத்துவிட்டு நடமாடுகிறேன். வலது காதைப் பார்த்து இடதை மெழுகில் செதுக்கலாம். ஆனால் கூடப் பிறந்தவர்களின் இடது காதிலிருந்தே அச்செடுத்தால் அதற்கு ஈடில்லை என்று அச்சுக்காரர் சொல்லியிருந்தார்.

கூப்பிட்டேன். மறுவார்த்தை இல்லாமல் வந்தாள். எனக்காக எதைக் கேட்டாலும் அக்கா செய்வாள். என் பக்கத்தில் உட்கார மட்டும் மாட்டாள்.

அச்சுக்காரர் அவள் முடியைத் துணித் தொப்பிக்குள் தள்ளினார். இடது காதில் பஞ்சை அடைத்தார். பசையைக் கிண்ணத்தில் குழைத்து, சிறு கரண்டியால் மடிப்பு மடிப்பாக அப்பினார்.

"இனி பேச்சு கிடையாது. தலையாட்டக் கூடாது. ஏதாவதுன்னா விரலைக் காட்டுங்க."

அக்கா கட்டைவிரலை உயர்த்தினாள். அவர் கிண்ணத்தைக் கழுவப் போனார்.

அக்கா எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தட்டில் பிளாஸ்டர் மூக்குகளும் விரல்களும் காய்ந்துகொண்டிருந்தன.

அன்று ஸ்கூட்டரை ஓட்டியவள் அவள். எனக்குப் பதினான்கு வயது. கிளம்பும்போதெல்லாம் என் ஹெல்மெட்டின் கிளிப்பை அவள்தான் மாட்டிவிடுவாள். சாலையில் சிந்திக் கிடந்த மணலில் வண்டி சறுக்கியது. ஹெல்மெட் ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன்.

"கிளிப்பை மாட்டினியாடி?" என்று ஆஸ்பத்திரியில் அம்மா அவளைக் கேட்டாள். முதல் நாள், "மாட்டினேன்" என்றாள். மறுநாள், "மாட்டினேன்னுதான் நினைக்கிறேன்" என்றாள். ஒரு வாரத்தில் அதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

தலைக் கட்டுக்குள்ளிருந்து எனக்கு எல்லாம் கேட்டது.

அதன்பின் அவள் வண்டியைத் தொடவில்லை. வெளியூரில் வேலை தேடிக்கொண்டாள். அந்த நாளைப் பற்றி நான் வாயெடுத்தால் போதும், அடுப்பில் ஏதாவது இருக்கும், யாராவது கூப்பிட்டிருப்பார்கள், வண்டிக்கு நேரமாகியிருக்கும். காது கொடுத்துக் கேட்காதவள், இன்று காதையே கொடுக்க வந்திருந்தாள்.

அவளை மன்னித்துவிட்டேன் என்று சொல்லத்தான் நான் தவிக்கிறேன் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். அந்த மன்னிப்புக்குப் பயந்துதான் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது நிமிடம் சும்மாவே போனது. ஒன்பது வருடம் போனதைப் போலத்தான்.

முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவளுடைய வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். அவள் விரலை உயர்த்தினாள். நான் அந்த விரலைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"அக்கா, அன்னைக்கு நீ கிளிப்பை மாட்டத்தான் செஞ்சே. நான்தான் கழட்டினேன். கம்மல் அழுத்துச்சு."

குழாய்த் தண்ணீர் நின்றது.

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசக் கூடாதென்ற விதியை அவள் மீறமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"பெட்ரோல் போட இறங்கினோமே," என்றாள், உதடுகள் பிரியாமல். "அதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம்."

காதோரத்தில் பசை கன்னத்தைவிட்டு மெல்லப் பிரிந்தது.

"அங்க நான் பார்த்தேன்," என்றாள். "இறங்கினப்போ பார்த்தேன். மாட்டியிருந்துச்சு."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பாதி இறுகிய பசை தோளில் விழ, ஈரக் கிண்ணத்தோடு நின்றிருந்த அச்சுக்காரரைப் பார்த்துத் திரும்பினாள்.

"மாட்டியிருந்துச்சுங்க," என்றாள் அவரிடம், முதல் நாள் அம்மாவிடம் சொன்னதைப் போல.

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.